திங்கட்கிழமைக் காய்ச்சல்

எரியோடு தாண்டி, ரயில்வே கேட் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வேன் மறுபடியும் சுணங்கியது. நின்றுவிடவில்லை. நின்றிருந்தால்கூட ஆனந்தமேரிக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. ஆக்சிலேட்டரை அடிவரைக்கும் மிதித்தும், அம்மிக்கல்லைக் கட்டி இழுப்பதுபோல வண்டி ஊர்ந்தது. சைக்கிளில் பால் கேன் கட்டிக்கொண்டு வந்த ஒருவர் வேனைத் தாண்டிப் போனார். போகிறபோது ஜன்னல் வழியாக உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டும் போனார்.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் அந்த மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இன்ஜின் படம் என்கிறார்கள். ஆனந்தமேரியின் கண்ணுக்கு அது தெருக்குழாய் மாதிரிதான் தெரியும். வீட்டில் அதற்குக் குழாய் லைட் என்றே பேர்.

"இன்னைக்குமா மேரி?" என்றார் முன் சீட்டில் இருந்த கிளாரா டீச்சர்.

"செத்த நேரம் பொறுங்க டீச்சர். ஆஃப் பண்ணிட்டு எடுத்தா கொஞ்சம் இழுக்கும்."

பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "எங்க கிளாஸ் பிள்ளைகளுக்கு வர்ற சீக்குத்தான் டீச்சர். திங்கக்கிழமைக் காய்ச்சல். ஞாயித்துக்கிழமை பூராம் ரெஸ்ட் எடுத்த வண்டிக்கு வேலைக்கு வர மனசில்ல."

வேன் முழுக்கச் சிரித்தது. ஆனந்தமேரியும் சிரித்துவைத்தாள். அணைத்து எடுத்ததில் வண்டி கொஞ்சம் உயிர் பெற்றது. ஆனால் கேட்டை நெருங்குவதற்குள் தடுப்புக் கம்பி இறங்கிவிட்டது. கரூர்ப் பக்கமிருந்து வந்த சரக்கு ரயில் முடிவில்லாமல் போய்க்கொண்டே இருந்தது. சிரிப்பு நின்று, ஒவ்வொருவராக மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

குஜிலியம்பாறைக்கு முந்தின ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கிளாரா டீச்சர் இறங்கினார். கதவைச் சாத்தாமல் நின்றார்.

"நான் சொல்றேன்னு கோவிச்சுக்கக் கூடாது மேரி. வர்ற திங்கக்கிழமை பிளஸ் டூ பரீட்சை ஆரம்பம். எங்க எல்லாருக்கும் டூட்டி இருக்கு. கேள்வித்தாள் பிரிக்கும்போது ஆள் இல்லைன்னா மெமோ வரும். எரியோட்டுக்காரன் ஒருத்தன் புது வேன் வச்சிருக்கான், தினமும் போன் பண்றான். நானும் எம்புட்டு நாளைக்குத்தான் இவங்ககிட்ட உனக்காகப் பேசுவேன்? அன்னைக்கு ஒரு நாள் வண்டி படுத்துச்சுன்னா என் பேச்சை யாரும் கேக்க மாட்டாங்க."

"படுக்காது டீச்சர்."

"நீ படுக்காதுன்னு சொல்ற. வண்டி சொல்லணுமே."

இந்த டீச்சர்களின் ஓட்டம் போய்விட்டால் ஆனந்தமேரிக்கு வேறு ஓட்டம் இல்லை. கல்யாணச் சவாரிக்கும் கொடைக்கானல் டூருக்கும் ஆண் டிரைவர்களைத்தான் கூப்பிடுவார்கள். பெண் ஓட்டுகிற வண்டி என்பதற்காகவே தேடி வந்தவர்கள் இந்த டீச்சர்கள் மட்டும்தான். அதிலும் முதலில் வந்தவர் கிளாரா டீச்சர். மேட்டுப்பட்டியில் ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள். பூசை முடிந்து வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, "பொம்பளை ஓட்டுற வண்டியா? அப்ப முதல் ஆளா நான் வாரேன்" என்றவர். அவரே மற்றவர்களைச் சேர்த்துக் கொடுத்தார்.

ஆனந்தமேரி டிரைவராக வேண்டுமென்று நினைத்தவளே இல்லை. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் வேடசந்தூர் பக்கம் நூல் மில்லில் வேலை. அறுந்த இழையை ஓடுகிற மிஷினிலேயே ஒட்டிவிட்டு அடுத்த மிஷினுக்கு நடக்கிற வேலை. அவள் புருஷன் ஆண்டனிராஜ்தான் டிரைவர். லாரி டிரைவர். திண்டுக்கல்லில் ஏற்றின சரக்கை நாக்பூரில் இறக்கிவிட்டு, அங்கிருந்து வேறொன்றை ஏற்றிக்கொண்டு இன்னொரு ஊருக்குப் போகிறவர். வீட்டுக்கு வந்தால் குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்ததும் மறுபடி கிளம்பிவிடுவார். மகாராஷ்டிராவில் ஒரு மலை இறக்கத்தில் லாரி புரண்டது. இடது கால் கிளட்ச் மிதிக்கிற பலத்தை இழந்தது. வலது கை விரல்கள் இருக்கின்றன. தொட்டால் தொட்டது தெரியாது.

நஷ்ட ஈட்டில் இந்த வேனை செகண்ட் ஹேண்டில் வாங்கினதே அவருக்காகத்தான். கால் சரியாகிவிடும், லாரி வேண்டாம், உள்ளூரில் வேன் ஓட்டிக்கொண்டு இருக்கலாம் என்று. கால் சரியாகவில்லை. வாசலில் நின்ற வேனின் மேல் புழுதி ஏறிக்கொண்டே இருந்தது. ஒருநாள் மில்லிலிருந்து வந்த ஆனந்தமேரி டிபன் கேரியரைக் கீழே வைத்துவிட்டு, "நான் ஓட்டப் பழகுறேன்" என்றாள். மறுநாள் ஆண்டனிராஜ் சாவியை எடுத்துச் சமையலறை ஜன்னல் கம்பியில் மாட்டிவைத்தார். அதுதான் சம்மதம்.

ஆனால் அவள் ஓட்டுகிற வண்டியில் அவர் இதுவரை ஒருமுறையும் ஏறியதில்லை. கோயிலுக்கென்றால் மெல்ல நடந்து வருவார். ஆஸ்பத்திரிக்கென்றால் ஆட்டோ. ஏன் என்று அவளும் கேட்டதில்லை.

அதற்குப் பதிலாக வண்டியைக் கழுவுவார். சனிக்கிழமை மத்தியானம் அவள் ஓட்டம் முடிந்து வந்து சாவியைக் கொடுத்தால், பொழுது சாயும்வரை அது அவர் வண்டி. குழாயில் டியூபை மாட்டி, கூரையிலிருந்து டயர் இடுக்குவரை அடிப்பார். கடைசியில் பானெட்டைத் திறந்து இன்ஜினுக்கும் சோப்புப் போட்டு, தண்ணீரைப் பீய்ச்சி, எண்ணெய்ப் பிசுக்கு ஒரு பொட்டு இல்லாமல் பளபளவென்று ஆக்கிவிடுவார். "இன்ஜினைத் தொட்டா கையில கறை ஒட்டக் கூடாது. அதான் டிரைவருக்கு லட்சணம்" என்பார். திண்டுக்கல்லில் எந்த வேனுக்கும் அப்படி ஒரு இன்ஜின் கிடையாது என்று கிளாரா டீச்சரே ஒருநாள் சொன்னார். அதை ஆனந்தமேரி வீட்டில் வந்து சொன்னபோது ஆண்டனிராஜ் கேட்காதது மாதிரி இருந்துவிட்டு, அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கழுவினார்.

*

செவ்வாய்க்கிழமை மெக்கானிக் உடையப்பனிடம் வண்டியை விட்டாள். பைபாஸ் ஓரத்தில் தகரக் கொட்டகை. உடையப்பன் நல்ல மனுஷர்தான். ஆனால் எந்த நோய்க்கும் அவரிடம் ஒரே வைத்தியம். பேட்டரி வயரைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு டீ குடித்து வருவார். திரும்ப மாட்டினால் விளக்கு அணைந்திருக்கும்.

"அமந்துருச்சா? போங்கக்கா. வண்டி குதிரை."

"போன மாசமும் குதிரைன்னுதான் சொன்னீங்க உடையப்பன்."

"போன மாசம் அந்தக் காத்து சென்சாரை மாத்திக் குடுத்தேன்ல? அதுக்கப்புறம் எங்கிட்ட வர்றப்ப எல்லாம் வண்டி நல்லாத்தானே ஓடுது? நீங்களே ஓட்டிப் பாருங்க."

ஓட்டிப் பார்த்தாள். உண்மைதான், நன்றாக ஓடியது. அதுதான் பெரிய தொந்தரவே. வண்டி டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்டுப்போகிற பிள்ளை மாதிரி இருந்தது. புதன், வியாழன், வெள்ளி எல்லாம் ஓடும். திங்கட்கிழமை எரியோடு தாண்டினால் படுக்கும். திங்கட்கிழமை பை, நோட்டுக்கட்டு என்று சுமை கூடுதலோ என்றுகூட யோசித்தாள்.

அன்று சாயங்காலம் சூசைராஜ் வந்தான். ஆண்டனிராஜின் தம்பி. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு டூரிஸ்ட் கார் ஓட்டுகிறவன். காரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் எழுந்து போனாலும் நிறுத்த மாட்டான்.

"மதினி, சென்சாரு கின்சாரெல்லாம் விடுங்க. உங்க வண்டிக்கு இழுவை பத்தலை. மதுரையில ஒருத்தர் ட்யூனிங் பண்றாரு. ஒரு பொட்டி. இன்ஜின் கம்ப்யூட்டர்ல மாட்டிவிட்டா வண்டி பறக்கும். என் வண்டி டம்டம் பாறை ஏத்தத்துல மூணாவது கியர்ல ஏறுது."

"என் வண்டி பறக்க வேண்டாம்ப்பா. பள்ளிக்கூடத்துக்குப் போனாப் போதும்."

"அதுதான் சொல்றேன். இழுவை கூடுனா—"

திண்ணைப் படியில் உட்கார்ந்திருந்த ஆண்டனிராஜ் வாயைத் திறந்தார். "ஏலே, காய்ச்சல்ல கிடக்கிறவனுக்கு ஓட்டப்பந்தயத்துக்குச் சட்டை தச்சுக் குடுப்பியா? முதல்ல என்ன காய்ச்சல்னு பாக்கணும்டா."

"அப்ப ஸ்கேன் டூல் வாங்கிப் பாருங்க. விளக்கு எதுக்கு எரியுதுன்னு அது சொல்லிரும். உடையப்பன்கிட்ட ஏன் கெஞ்சணும்?"

சொல்லிவிட்டு, வைத்திருந்த முறுக்கை எல்லாம் தின்றுவிட்டுப் போனான் சூசைராஜ். ட்யூனிங் பெட்டி அவனோடு போயிற்று. ஸ்கேன் டூல் என்ற வார்த்தை மட்டும் ஆனந்தமேரியோடு தங்கிவிட்டது.

*

வியாழக்கிழமை டீச்சர்களை இறக்கிவிட்ட கையோடு பேகம்பூருக்கு வண்டியை விட்டாள். அங்கே கமர்ஜஹானின் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. கமர்ஜஹான் அக்காவை அந்தத் தெருவில் எல்லா டிரைவருக்கும் தெரியும். கல்லாவில் உட்கார்ந்தபடியே எந்த வண்டிக்கு எந்த ஃபில்டர் என்று பெட்டியைப் பார்க்காமல் கைநீட்டி எடுத்துத் தருவார். வேண்டாத சாமானைக் கேட்டால் விற்கவும் மாட்டார். அதனால் திட்டிக்கொண்டே அவரிடம்தான் வருவார்கள்.

"ஸ்கேன் டூலா? யாருக்கு?" என்று கேட்டார்.

"எனக்குத்தான் அக்கா. எந்த டூல் நல்லது?"

"எந்த டூல்னு அப்புறம் பாப்போம். முதல்ல வண்டி எங்க நிக்குது?"

"வெளிய."

"அப்ப சரி. சில பேர் வண்டியை வீட்ல விட்டுட்டு வந்து டூல் வாங்கிட்டுப் போவாங்க. மறுநாள் வந்து கத்துவாங்க. அது ஒண்ணு வண்டியோட பேசும், ஒண்ணு பேசாது. மாட்டிப் பாக்காம நான் குடுக்கிறதில்ல."

மூன்று சாமான்களை எடுத்துக்கொண்டு கமர்ஜஹான் வெளியே வந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கிற இடத்தில், ஒரு சொருகு வாய் இருந்தது. இத்தனை நாள் அந்த வண்டியை ஓட்டியும் அப்படி ஒன்று இருப்பது ஆனந்தமேரிக்குத் தெரியாது.

முதலாவது கட்டைவிரல் அளவே இருந்தது. சொருகிவிட்டால் செல்போனில் வந்து சொல்லும். இருப்பதிலேயே சல்லிசு. போனில் படம் படமாக வந்தது, அழகாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொடர்பு அறுந்தது. மறுபடி வந்தது, மறுபடி அறுந்தது. "இது உன் வண்டியோட சண்டை போடுது" என்று கமர்ஜஹான் பிடுங்கிவிட்டார்.

இரண்டாவது, பூட்டுப் போட்ட பெட்டிக்குள் பெரிய டேப்லெட். "இது ஒர்க் ஷாப் வச்சிருக்கவங்களுக்கு. வருஷா வருஷம் அப்டேட் பண்ணணும். ஒத்தை வண்டிக்கு இதை வாங்குனா, ஒரு பிள்ளைக்குப் பால் காய்ச்ச கல்யாணப் பாத்திரம் வாங்குன கதைதான்."

மூன்றாவது கையடக்கமாக, பழைய காலத்து ரேடியோ மாதிரி இருந்தது. வயரோடு சேர்ந்தது. சின்னத் திரை, கீழே ரப்பர் பட்டன்கள். பார்க்க ஒன்றும் லட்சணமாக இல்லை. ஆனால் சொருகியதும் வண்டியோடு பேசிவிட்டது.

"இது பழுது நம்பரையும் சொல்லும், இன்ஜின் ஓடும்போது உள்ள என்ன நடக்குதுன்னு எண்ணாவும் காட்டும். நம்பர் மட்டும் சொல்ற டூல் சும்மா. ஓடும்போது காட்டுறதுதான் டூல். எழுத்து மட்டும் இங்கிலீஷ்ல வரும். நீ படிப்பியா?"

"எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஆனா வண்டி ஓட்டும்போது எங்க அக்கா பாக்க? வீட்டுக்குப் போனா சோறு, வெஞ்சனம்னு இருக்கு."

"அப்ப யாரு பாக்கப் போறா? அதைச் சொல்லு முதல்ல. டூல் வாங்குறவங்க எல்லாம் வண்டியைப் பாத்து வாங்குறாங்க. கையைப் பாத்து யாரும் வாங்குறதில்ல."

ஆனந்தமேரிக்கு வீட்டில் ஆண்டனிராஜ் செல்போனோடு படுகிற பாடு ஞாபகம் வந்தது. உணர்ச்சி இல்லாத விரலால் திரையைத் தடவுவார். அது வேறு யாருக்கோ போன் போடும். ஒருநாள் பங்குச் சாமியாருக்கே போட்டு, அவர் "ஹலோ, ஹலோ" என்று கத்த, இவர் பதறிப்போய்ப் போனைத் தலையணைக்கு அடியில் ஒளித்தார். அந்தச் செல்போனை அதற்குப் பிறகு அவர் அதிகம் தொடுவதில்லை. ஆனால் இங்கிலீஷ் எழுத்து அவருக்குப் பழக்கம். ஊர் ஊராகப் பலகை படித்து லாரி ஓட்டினவர்.

ரப்பர் பட்டன் ஒன்றைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள். கெட்டியாக இருந்தது. அமுங்கும்போது 'டக்' என்று சத்தம் வந்தது.

"இந்தச் சத்தத்தை நிறுத்திக் குடுக்கவா?" என்று கேட்டார் கமர்ஜஹான். "நிறையப் பேருக்குப் பிடிக்கிறதில்ல."

"வேண்டாம்க்கா. சத்தம் இருக்கட்டும். இதையே குடுங்க."

*

வீட்டில் அதை அவர் மடியில் வைத்தாள். "எனக்கு இதெல்லாம் பாக்க நேரமில்லைங்க. நீங்களே பாத்து என்னன்னு சொல்லுங்க. திங்கக்கிழமைக்குள்ள தெரியணும்."

ஆண்டனிராஜ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பட்டனை அமுக்கினார். விரலுக்குத் தெரியாதது காதுக்குத் தெரிந்தது. இன்னொரு தடவை அமுக்கினார். பிறகு கைத்தடியை ஊன்றி எழுந்து, வண்டிக் கதவைத் திறந்து, ஓரமாக உட்கார்ந்து சொருகினார். அவள் உலை வைத்துவிட்டு வந்து பார்த்தபோது அவர் முகம் தொங்கிப் போயிருந்தது.

"என்ன சொல்லுது?"

"பழைய பழுது ஒண்ணு இருக்குங்குது. பேட்டரியைக் கழட்டி விளக்கு அமந்தாலும் அது அழியலை. நம்பர் போட்டிருக்கு. காத்து அளக்குற சென்சாராம்."

"போன மாசம் உடையப்பன் மாத்தினதுதானே அது?"

"அதேதான்."

ஆனந்தமேரி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். டூல் என்றால் இன்னது பழுது, இன்னதை மாற்று என்று கையைக் காட்டிவிடும் என நினைத்திருந்தாள். அது புதுச் சாமானையே காட்டுகிறது. "அப்ப புதுசும் போச்சா? இல்ல இந்த டூலும் பொய் சொல்லுதா?"

"பொய் சொல்லலை. அந்த இடத்துல வலிக்குதுங்குது. ஏன் வலிக்குதுன்னு அதுக்குத் தெரியலை." டூலைக் கீழே வைத்துவிட்டு, "இப்ப ஓட விட்டுப் பாத்தேன். காத்துக் கணக்கு ஒழுங்காத்தான் ஓடுது. ஒரு குறையும் இல்ல" என்றார்.

வெள்ளிக்கிழமையும் வண்டி ஒழுங்காக ஓடியது. டீச்சர்கள் பரீட்சை டூட்டியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். இறங்கும்போது கிளாரா டீச்சர், "என்ன, கண்டுபிடிச்சியா?" என்றார். "பாத்துக்கிட்டு இருக்காங்க டீச்சர்" என்றாள். யார் என்று அவர் கேட்கவில்லை. பின்னால் இரண்டு பேர் எரியோட்டுக்காரனின் புது வேனில் ஏசி உண்டா என்று மெதுவாகப் பேசிக்கொண்டது இவள் காதில் விழுந்தது.

*

சனிக்கிழமை மத்தியானம் வழக்கம்போல் சாவியைக் கொடுத்துவிட்டு மீன் கழுவ உட்கார்ந்தாள். வெளியே தண்ணீர் அடிக்கிற சத்தம். அப்புறம் பானெட் திறக்கிற சத்தம். மறுபடி தண்ணீர். இன்ஜினைக் கழுவி முடித்ததும் செத்த நேரம் ஓட விட்டுக் காய வைப்பது அவர் பழக்கம். இன்ஜின் உறுமியது.

ஆனால் இந்தத் தடவை அது சீராக உறுமவில்லை. ஏறியது, இறங்கியது, இருமியது. பிறகு அணைந்தது. அதற்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை. டியூபிலிருந்து தண்ணீர் சும்மா தரையில் ஓடிக்கொண்டிருந்தது.

கையில் மீன் செதிலோடு ஆனந்தமேரி வெளியே வந்தாள். ஆண்டனிராஜ் டிரைவர் சீட்டில் கால்களை வெளியே போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் டூல். குழாய் லைட் எரிந்துகொண்டிருந்தது.

"என்னங்க?"

"இங்க வா. இதைப் பிடி. நான் எடுக்கிறேன், நீ அந்தக் காத்துக் கணக்கு எண்ணைப் பாத்துச் சொல்லு."

புறங்கையால் டூலைத் தாங்கிப் பிடித்தாள். அவர் சாவியைத் திருப்பினார்.

"பத்து. பத்து. ஒன்பது. சைபர். சைபர். ஏழு. சைபர்."

"வியாழக்கிழமை பாத்தப்ப சைபரே வரலை."

அணைத்துவிட்டு, தடியை ஊன்றிக்கொண்டு பானெட் பக்கம் போனார். காற்று சென்சாரில் வந்து மாட்டுகிற வயர் முனையை இடது கையால் பிடித்து இழுத்தார். இழுத்ததும் வந்துவிட்டது, இறுக்கமாக இருக்க வேண்டியது, சட்டைப் பட்டன் மாதிரி கழன்று வந்தது. அதன் வாயைக் கவிழ்த்தார். சொட்டு சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

"இதுக்குள்ள ஒரு ரப்பர் வளையம் இருக்கணும். தண்ணி போகாம இருக்க. மாத்தும்போது உடையப்பன் மாட்டலை, இல்ல பழசோட போயிருச்சு." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "வளையம் இல்லாதது அவன் தப்பு. தண்ணி ஊத்துனது யாரு? சனிக்கிழமை நான் ஊத்துறேன். மத்த வாரம் மெல்லக் கசிஞ்சு இறங்குனது, இன்னைக்கு உடனே இறங்கிருச்சு. ஞாயித்துக்கிழமை மூடுன பானெட்டுக்குள்ள அது அப்படியே கிடக்குது. திங்கக்கிழமை நீ ரோட்டுல நிக்கிற. செவ்வாய்க்கிழமை சூட்டுல காய்ஞ்சிருது. உடையப்பன் எங்கிட்டுப் பாத்தாலும் குதிரையாத்தான் தெரியும்."

ஆனந்தமேரிக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. பின் சீட்டுக் கேலி, ரயில்வே கேட், சைக்கிள்காரரின் பார்வை. கோபம் வரத்தான் செய்தது. எத்தனை திங்கட்கிழமை அந்த ரோட்டில் அவமானப்பட்டு நின்றாள். இங்கே இந்த மனுஷர் இன்ஜினுக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வாயில் ஏதோ வந்தது. அதற்குள் அவர், "லாரிக்கு எம்புட்டு ஊத்துனாலும் தாங்கும் மேரி. அதுல இந்த வயரெல்லாம் ஏது" என்றார். சொல்லிவிட்டு டியூபைச் சுருட்ட ஆரம்பித்தார். வழக்கமாகச் சுருட்டி ஆணியில் மாட்டுகிறவர், சுருட்டிக் கொண்டுபோய் விறகு கிடக்கிற மூலையில் போட்டார். இனி எடுக்கப் போவதில்லை என்பதுபோல.

அந்த டியூபைப் பார்த்ததும் வாயில் வந்தது திரும்பிப் போய்விட்டது.

"அதை எதுக்கு அங்க போடுறீங்க? வண்டியை வெளிய யாரு கழுவுறது, நானா? எனக்கு மீன் கிடக்குது." மூலையிலிருந்து டியூபை எடுத்து ஆணியில் மாட்டினாள். மீன் செதில் டியூபிலும் ஒட்டியது. "உள்ள மட்டும் துணியால துடைங்க. இப்ப இதைக் காய வைக்கிற வழியைச் சொல்லுங்க. நாளை கழிச்சு திங்கக்கிழமை."

ஆண்டனிராஜ் வயர் முனையைத் தட்டிப் பார்த்தார். பிறகு, "பக்கத்து வீட்ல சைக்கிள் பம்பு இருக்கும். வாங்கிட்டு வா" என்றார்.

அவள் பம்பு அடிக்க, அவர் வயர் முனையைக் காற்றுக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரம்மா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "வண்டிக்கு என்ன, மூக்கடைப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அப்புறம் கமர்ஜஹானுக்குப் போன் போட்டார்கள். "வளையம் தனியா வராது, முனையோட வரும். கடை சாத்தப் போறேன், ஓடியா" என்றார் அவர். ஆனந்தமேரி கை கழுவிவிட்டு டவுன் பஸ்ஸில் ஓடிப்போய் வாங்கி வந்தாள், ஆண்டனிராஜ் அதை மாட்டினார். அன்று மீன் குழம்பு வைக்க முடியவில்லை, வறுத்ததோடு சரி.

*

திங்கட்கிழமை காலையில் சாவியை எடுக்கப் போனால் ஜன்னல் கம்பியில் சாவி இல்லை. வெளியே வந்தாள். ஆண்டனிராஜ் வெள்ளைச் சட்டை போட்டு, முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். டிரைவர் சீட்டில் இல்லை, அதற்குப் பக்கத்தில். வயர் சொருகி, டூல் மடியில் இருந்தது. கைத்தடியைக் காலுக்கிடையில் நிறுத்தியிருந்தார்.

"ஒருவேளை வழியில ஏதாச்சும் காட்டுச்சுன்னா பாக்கணும்ல" என்றார், ரோட்டைப் பார்த்தபடி.

"ம்" என்றாள். வேறெதுவும் சொன்னால் இறங்கிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. சாவியை நீட்டினார். வாங்கி வண்டியை எடுத்தாள்.

கிளாரா டீச்சர் வந்து தன் சீட்டில் ஆள் இருப்பதைப் பார்த்தார். ஒரு கணம் யோசித்துவிட்டுப் பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறியவர்கள் முன் சீட்டை எட்டிப் பார்த்தார்கள். யாரும் இன்று கேலி பேசவில்லை. எல்லார் மடியிலும் பரீட்சை டூட்டிக் கடிதம்.

நாகல் நகர் தாண்டியது. ஊர் முடிந்து வெட்டவெளி வந்தது. ஆண்டனிராஜ் வாய்க்குள் எண்களைப் படித்துக்கொண்டே வந்தார். பத்து. பதினெட்டு. முப்பது. எரியோடு வந்தது. ஆனந்தமேரியின் உள்ளங்கை ஸ்டியரிங்கில் வழுக்கியது. ரயில்வே கேட் தெரிந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தாள்.

"நாப்பது" என்றார் அவர். "நாப்பத்தஞ்சு. மிதி, மிதி. போகும்."

போனது. கேட் திறந்திருந்தது. தண்டவாளத்தில் ஏறி இறங்கும்போது எல்லாரும் ஒருமுறை குலுங்கினார்கள். பால் கேன்காரர் எதிரே வந்தார். இந்தத் தடவை அவர்தான் ஓரம் ஒதுங்கினார்.

பின்னால் யாரோ மூச்சு விட்டது கேட்டது. கிளாரா டீச்சர் முன்னால் சாய்ந்தார். "சரியாயிருச்சே. என்ன மேரி கோளாறு?"

"ஒரு வயர் முனையில தண்ணி ஏறியிருந்துச்சு டீச்சர்."

"தண்ணியா? ஊரே காய்ஞ்சு கிடக்குது. மழை பேஞ்சு எம்புட்டு நாளாச்சு. எங்க இருந்து தண்ணி?"

ஆனந்தமேரி கண்ணாடியைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள். "எப்படியோ போயிருக்கு டீச்சர்."

"எப்படியோ எல்லாம் இல்ல டீச்சர்," என்றார் ஆண்டனிராஜ். திரும்பாமலே பேசினார். "நான் ஊத்துனது. சனிக்கிழமை சனிக்கிழமை இன்ஜினைக் குளிப்பாட்டினேன். உங்க பிள்ளைகளுக்கு எப்படின்னு தெரியாது. எங்க பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது அதுல."

பின் சீட்டில் வழக்கமாகக் கேலி பேசுகிற டீச்சர்தான் முதலில் சிரித்தார். "எங்க வீட்டுக்காரரு தன் பனியனைக்கூடத் துவைக்க மாட்டாரு. நீங்க இன்ஜினைத் துவைக்கிறீங்க. எங்க வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை வாங்கண்ணே." வேன் முழுக்கச் சிரிப்பு. ஆண்டனிராஜின் தோளும் குலுங்குவதை ஆனந்தமேரி ஓரக்கண்ணால் பார்த்தாள்.

கொஞ்ச தூரம் போனதும் அவர் குனிந்து அவள் காலைப் பார்த்தார். "கிளட்ச்ல காலை வச்சுக்கிட்டே ஓட்டாத. தேய்ஞ்சிரும்."

"வச்சுக்கிட்டு ஓட்டலை."

"வச்சிருக்க. பாக்குறேன்ல."

"இப்படியே பேசிக்கிட்டு வந்தீங்கன்னா குஜிலியம்பாறையில இறக்கி விட்டுட்டுப் போயிருவேன். பஸ்ல வந்து சேருங்க."

காலை எடுத்துவிட்டுத்தான் சொன்னாள்.

பள்ளிக்கூட வாசலில் பரீட்சைப் பிள்ளைகள் மரத்தடியில் நின்று கடைசி நேரப் படிப்பு படித்துக்கொண்டிருந்தார்கள். மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. கிளாரா டீச்சர் இறங்கி, சேலைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு, முன் ஜன்னலுக்கு வந்தார்.

"பின்னாடி உக்காந்தா எனக்குத் தலை சுத்தும் மேரி. நாளைக்கு என் சீட்டு எனக்கு வேணும். இவரைப் பின்னாடி உக்காரச் சொல்லு."

"சரிங்க டீச்சர்" என்றாள் ஆனந்தமேரி.

"வயர் எட்டாதே டீச்சர்" என்றார் ஆண்டனிராஜ்.

"அப்ப நீளமா ஒரு வயர் வாங்குங்க" என்று சொல்லிவிட்டு, பரீட்சைக் கூடத்தைப் பார்த்து நடந்தார் கிளாரா டீச்சர்.